ஃபிராங்கன்ஸ்டைன்: இட்டோவின் மாங்காவா, ரைட்சனின் ஓவியப் பதிப்பா, வெறும் நாவலா?

கியெர்மோ டெல் டோரோவின் 2025 திரைப்படத்தைப் பார்த்த கையோடு மேரி ஷெல்லி எழுதிய மூலக்கதையைத் தேடிப் போனால், ஃபிராங்கன்ஸ்டைன் ஒரே புத்தகமாகக் கிடைக்காது. ஜுன்ஜி இட்டோவின் மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், ஒரு பக்கம் இருக்கும். பெர்னி ரைட்சனின் ஓவியங்களோடு முழு நாவலும் பெரிய அளவில் இன்னொரு பக்கம். மாணவர்களுக்கான வண்ணக் காமிக்ஸ் தனி. வெறும் நாவல் போதும் என்று இறங்கினாலும் முதலில் வந்த 1818 பாடம், ஆசிரியரே திருத்திய 1831 பாடம் என்று அதுவே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அட்டையைப் பார்த்து எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இவற்றில் கதையே இடத்துக்கு இடம் மாறுகிறது.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய நாவலின் ஓர் இடத்தை மட்டும் உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். அது, பிணத்தின் துண்டுகளைச் சேர்த்து உயிரூட்டப்பட்ட படைப்பு வாய் திறந்து பேசும் இடம்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது செய்தவனின் பெயர். செய்யப்பட்டதற்கு நாவலில் பெயரே கிடையாது. கதை கடிதங்களில் தொடங்குகிறது. வடதுருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் ராபர்ட் வால்டன் இங்கிலாந்தில் இருக்கும் தன் சகோதரிக்கு எழுதுகிறான். பனிக்கடலில் அவன் மீட்டெடுத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் கதையைச் சொல்கிறான். விக்டரின் கதைக்குள், ஆல்ப்ஸ் மலையின் ஒரு குடிசையில் நெருப்பருகே உட்கார்ந்து, படைப்பு தன் கதையைச் சொல்கிறது. 1831 பதிப்பில் 11ஆம் அத்தியாயம் முதல் 16 வரை ஆறு அத்தியாயங்கள் முழுக்க அதன் குரல்தான். வெளிச்சம் எது, ஒலி எது என்று பிரித்தறியத் தெரியாமல் காட்டில் அலைந்தது, ஒரு வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து சுவர் இடுக்கு வழியே டி லேசி குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றது, மில்டனின் 'இழந்த சொர்க்க'த்தை நடந்த வரலாறு என்று நம்பிப் படித்தது எல்லாம் இங்கேதான் வருகின்றன. எட்டடி உயரப் பயங்கரம் என்று நினைத்திருந்த ஒன்று, இந்த ஆறு அத்தியாயங்களில் நம்மைவிட நன்றாகப் பேசும் ஒரு மனமாக மாறிவிடுகிறது. நாவலின் உயிர் இதில் இருக்கிறது. ஒரு தழுவல் இந்தக் குரலில் எவ்வளவை விட்டுவைத்திருக்கிறது என்று பார்த்தால் அது யாருக்கான புத்தகம் என்பது தெரிந்துவிடும்.

இட்டோவின் மாங்கா

1963இல் ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் பிறந்த இட்டோ, பல்செட் செய்யும் டெக்னீஷியனாக வேலை பார்த்துக்கொண்டே 1987இல் 'டோமியே' மூலம் மாங்கா உலகுக்குள் வந்தவர். ஃபிராங்கன்ஸ்டைனை அவர் வரைந்தது 1990களில். ஆங்கிலத்தில் விஸ் மீடியா 2018இல் கெட்டி அட்டையில், ஜோஸ்லின் ஆலன் மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. வேறு ஊடகத்திலிருந்து தழுவிய சிறந்த படைப்புக்கான ஐஸ்னர் என்ற காமிக்ஸ் விருது 2019இல் இதற்குக் கிடைத்தது.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்: 408 பக்கமும் ஃபிராங்கன்ஸ்டைன் இல்லை. அந்தக் கதை முடிந்தபின் மீதிப் பக்கங்களில் இட்டோவின் சொந்தச் சிறுகதைகள் வருகின்றன. ஓஷிகிரி என்ற பள்ளி மாணவன் பெரிய மாளிகையில் தனியாக வசிக்கும் கதைவரிசை அதில் பெரும்பகுதி. பொம்மையாக மாறிவரும் குழந்தையைப் பற்றிய ஒரு சின்னக் கதையும், கடைசியில் இட்டோ வீட்டு நாய் நொன்நொன் பற்றிய பக்கங்களும் உண்டு. இட்டோ வாசகருக்கு இது விருந்து. மேரி ஷெல்லிக்காக மட்டும் வாங்குகிறவர், கிடைப்பது பாதிப் புத்தகம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தழுவலின் முதல் பாதி நாவலோடு பெரும்பாலும் ஒட்டியே போகிறது. இட்டோ துணிந்து விலகும் இடம் பெண் படைப்பு. நாவலில் விக்டர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவு ஒன்றில் தனக்குத் துணை வேண்டும் என்று கேட்ட படைப்புக்காக ஒரு பெண் உருவைச் செய்யத் தொடங்குகிறான். வேலை முடியுமுன் சந்தேகம் வருகிறது. இவள் அவனையே வெறுத்தால்? அவனைவிட அழகான மனிதர்கள் பக்கம் திரும்பினால்? இவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தால்? ஜன்னலில் படைப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரைகுறை உடலைக் கிழித்துப் போடுகிறான். அவள் கண் திறப்பதே இல்லை.

இட்டோ அவளைக் கண் திறக்க வைக்கிறார். அதுவும் ஜஸ்டினின் தலையோடு. விக்டரின் தம்பி வில்லியத்தைக் கொன்றதாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற வேலைக்காரப் பெண் ஜஸ்டின். அவள் நிரபராதி என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லாத விக்டர், அவள் தலையையே எடுத்துப் பயன்படுத்துகிறான். எழுந்த பெண், தனக்காகக் காத்திருந்தவனைக் கண்டு அருவருக்கிறாள். நாவலில் விக்டரின் மனதில் ஓடி மறைந்த ஒரு சந்தேகத்தை இட்டோ நடந்த நிகழ்ச்சியாக ஆக்கிவிட்டார். மூலத்தை மாற்றிவிட்டார் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றவில்லை. நாவலை நன்றாகப் படித்தவருக்குத்தான் இந்த இடம் தோன்றியிருக்கும். ஆனால் விளைவு வேறு. நாவலில் படைப்பின் கடைசி நம்பிக்கையை உடைப்பது விக்டரின் கை. மாங்காவில் அதை உடைப்பது இன்னொரு படைப்பின் அலறல். விக்டரின் பொறுப்பு ஓரளவு இறங்கிவிடுகிறது. ஜஸ்டினின் தலையை எடுத்த பாவம் அதை வேறு வழியில் ஏற்றுகிறது.

படைப்பு உயிர்பெறும் காட்சியும் ஒப்பிட வேண்டியது. மேரி ஷெல்லி அங்கே மிகக் குறைவாகச் சொல்கிறார். நவம்பர் மாத இரவு, ஜன்னலில் மழை, அணையப்போகும் மெழுகுவத்தி, மங்கலான மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. மின்னலும் இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. அவை ஜேம்ஸ் வேலின் 1931 திரைப்படம் கொடுத்தவை. தட்டைத் தலையும் கழுத்து போல்ட்டும் அந்தப் படத்தின் ஒப்பனையிலிருந்து வந்தவைதான். எழுத்து சொல்லாமல் விட்டதை ஓவியத்தால் விட முடியாது, ஏதாவது வரைந்தாக வேண்டும். இட்டோ அந்தத் திரைப்படச் சாயலைத் தொடாமல், தோலையும் தையலையும் மெல்லிய கோடுகளால் அடுக்கி அடுக்கிக் கட்டுகிறார். பிணத்தின் துண்டுகள் சேர்ந்த உடல் என்பது நாவலைப் படிக்கும்போது எளிதில் மறந்துபோகும், ஏனென்றால் அது பேசும் அழகு அப்படி. இட்டோவின் பக்கத்தில் ஒரு கட்டத்திலும் அதை மறக்க முடியாது.

இழப்பும் அங்கேதான். ஒரு பேச்சு பலூனுக்குள் இருபது, இருபத்தைந்து சொற்களுக்கு மேல் திணித்தால் ஓவியம் மூச்சுமுட்டிப்போகும். ஆறு அத்தியாயப் பேச்சு அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. மாதக்கணக்கில் ஒளிந்திருந்து ஒரு மொழியைக் கற்ற பொறுமை சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. படைப்பு பரிதாபத்திலிருந்து பழிக்கு மிக வேகமாக வந்து சேர்கிறது. இட்டோவின் மாங்காவை மூடும்போது பயம் தங்குகிறது. நாவலை மூடும்போது தங்குவது துக்கம்.

ரைட்சனின் ஓவியப் பதிப்பு

அமெரிக்காவின் பால்டிமோரில் 1948இல் பிறந்த ரைட்சன், லென் வீனோடு சேர்ந்து 'ஸ்வாம்ப் திங்' என்ற காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியவர். ஃபிராங்கன்ஸ்டைனை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. கூலிக்குச் செய்த வேலைகளின் இடைவெளியில், ஏழு ஆண்டுகள், ஏறக்குறைய ஐம்பது மைக்கோட்டோவியங்களாக வரைந்து சேர்த்தார். 1983இல் மார்வெல் அதை நாவலோடு சேர்த்து வெளியிட்டது. 25ஆம் ஆண்டை ஒட்டி 2008இல் டார்க் ஹார்ஸ் மறுபதிப்புக் கொண்டுவந்தது. 2020இல் கேலரி 13 மீண்டும் அச்சிட்டது.

இதைக் காமிக்ஸ் என்று நினைத்து வாங்கினால் முதல் பக்கத்திலேயே குழப்பம் வரும். கட்டங்கள் இல்லை, பலூன்கள் இல்லை. முழு நாவல், இடையிடையே முழுப்பக்க ஓவியம், அவ்வளவுதான். நம் உரைகல்லில் இதற்கு முழு மதிப்பெண்: படைப்பின் ஒரு சொல்லும் போகவில்லை. ஓவியங்களும் அந்தக் குரலோடு போட்டி போடாமல் அதன் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. பழைய மரச்செதுக்கு அச்சுப் படங்களையும், அந்த முறையைப் பேனாவில் கொண்டுவந்த ஓவியர் ஃபிராங்க்ளின் பூத்தையும் ரைட்சன் பின்பற்றினார். அதனால் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகத்தில் முதலிலிருந்தே இருந்த படங்கள் போலத் தோன்றும். கண்ணாடிக் குடுவைகள் நிறைந்த ஆய்வுக்கூடத்தின் அகன்ற ஓவியத்தில் ஒவ்வொரு குடுவைக்கும் தனி ஒளி உண்டு. ரைட்சனின் படைப்பு நீண்ட முடியும் ஒட்டிய முகமுமாக, சினிமாச் சாயலே இல்லாமல் நிற்கிறது. டெல் டோரோ இந்த ஓவியங்களின் மூலப்பிரதிகள் சிலவற்றைச் சேகரித்து வைத்திருப்பவர். அவர் படத்தின் உருவ அமைப்பு பிடித்திருந்தால், அதன் வேர்களில் ஒன்றை இந்தப் புத்தகத்தில் பார்க்கலாம்.

இதைப் பெரிய அளவு அச்சில் மட்டுமே வாங்குங்கள். இவ்வளவு நெருங்கிய கோடுகளைச் சுருக்கினால் இடைவெளிகளில் மை அடைத்து, நிழல் பகுதி வெறும் கருந்திட்டாகிவிடும். போன் திரையில் பார்க்கும் ரைட்சன், பாதி ரைட்சன்கூட இல்லை. ஸ்டீவ் நைல்ஸ் எழுத, ரைட்சன் பின்னாளில் வரைந்த 'ஃபிராங்கன்ஸ்டைன் அலைவ், அலைவ்!' இதன் மறுபதிப்பு அன்று. நாவல் முடிந்தபின் தொடரும் தனிக் காமிக்ஸ் அது. 2017இல் ரைட்சன் மறைந்ததால் கெல்லி ஜோன்ஸ் முடித்துக்கொடுத்தார். பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிட வேண்டாம்.

பாடத்துக்குப் படிக்கிறவர்களுக்கு

பிரிட்டனின் கிளாசிக்கல் காமிக்ஸ் 2008இல் கொண்டுவந்த வண்ணப் பதிப்பு வகுப்பறைக்குப் பொருத்தம். டெக்லன் ஷால்வி வரைந்த அதே படங்களை இரண்டு விதமாக அச்சிட்டார்கள்: ஒன்றில் மேரி ஷெல்லியின் மூல வாக்கியங்கள், இன்னொன்றில் எளிமைப்படுத்திய இன்றைய ஆங்கிலம். கடையில் வாங்கும்போது எந்தப் பாடம் என்று அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும் மாணவருக்கு எளிய பாடத்தை முதலில் கொடுத்துவிட்டு, அதே பக்கத்தை மூல வாக்கியத்தில் காட்டினால் நாவலின் நீள நீளமான வாக்கியங்கள் பயமுறுத்தாது. கதையிலும் பெரிய விலகல் இல்லாததால் தேர்வுக்கு ஆபத்தில்லை. இட்டோவை மட்டும் படித்துவிட்டுத் தேர்வெழுதப் போனால், பெண் படைப்பைப் பற்றிய கேள்வியில் நிச்சயமாகத் தவறு நேரும்.

நாவல்தான் என்று முடிவு செய்தால்: 1818, 1831

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் கோடையையே கெடுத்தது. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய கவிஞர் பைரன், மேரி உட்பட உடனிருந்தவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார். மேரிக்கு அப்போது 18 வயது. 1818 ஜனவரி 1 அன்று நாவல் மூன்று தொகுதிகளாக, ஆசிரியர் பெயரில்லாமல், 500 பிரதிகள் வந்தது. 1831இல் அவரே திருத்தி ஒரே தொகுதியாக, தன் முன்னுரையோடு வெளியிட்டார். அதற்குள் கணவரும் மூன்று பிள்ளைகளும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்த இழப்புகள் திருத்தத்தில் தெரிகின்றன. 1831இன் விக்டர் அடிக்கடி விதியைப் பேசுகிறான். எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது போலப் புலம்புகிறான். 1818இன் விக்டர் தானே தேர்ந்தெடுத்துக் கெட்டவன். எலிசபெத் 1818இல் விக்டரின் அத்தை மகள். 1831இல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுத்து வளர்த்த அநாதைப் பெண். மின்னல் மரத்தைப் பிளந்த நாளில் 1818இல் அப்பாவே மின்சாரத்தை விளக்கி, சின்ன இயந்திரமும் பட்டமும் செய்து காட்டுகிறார். 1831இல் வீட்டுக்கு வந்த அறிஞர் ஒருவர் கால்வனிசம், அதாவது மின்சாரத்தால் தசையை அசைய வைப்பது பற்றிப் பேசுகிறார். அப்பாவைப் பற்றிய நம் மதிப்பீடே இதனால் மாறுகிறது.

தேர்வு செய்யச் சொன்னால் 1818தான். விக்டர் மீது வாசகன் வைக்கும் குற்றச்சாட்டு அங்கே வழுக்காமல் நிற்கிறது. 1831இன் முன்னுரையைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். 1818 பாடத்தைத் தரும் நல்ல பதிப்புகளில் அது பின்னிணைப்பாகவே இருக்கும்.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். அத்தியாயங்கள் 1 முதல் 24 வரை தொடர்ச்சியாக இருந்தால் 1831. மூன்று தொகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 1இலிருந்து மறுபடி தொடங்கினால் 1818. எண்களை மாற்றி அச்சிட்டிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் எலிசபெத் அறிமுகமாகும் பக்கத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸில் மேரிலின் பட்லர் பதிப்பித்தது 1818 பாடம். பென்குயின் இரண்டையும் வைத்திருக்கிறது. 2018இல் வந்ததன் அட்டையில் 1818 என்றே போட்டிருக்கும். பணம் செலவழிக்க வேண்டாம் என்றால் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இரண்டும் இலவசம்: 84ஆம் எண் மின்னூல் 1831 பாடம், 41445ஆம் எண் 1818 பாடம். தேடினால் முதலில் வருவது 84 என்பதால், பலரும் தெரியாமலே 1831ஐப் படித்துவிடுகிறார்கள். சுருக்கப் பதிப்புகளைத் தவிர்க்க வேண்டும். சுருக்குகிறவர் கத்தரி முதலில் போகும் இடம் டி லேசி குடும்பத்தின் கதை. அது போனால் படைப்பு எங்கே பேசக் கற்றது என்பதே போய்விடும்.

யாருக்கு எது

திகிலுக்காக வருகிறவர், ஏற்கெனவே மாங்கா படிக்கிறவர், ஒரே மாலையில் முடிக்க விரும்புகிறவர்: இட்டோ. அந்தக் கதைப்பகுதி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். அழுகிய உடலை இட்டோ மறைக்காமல் வரைகிறார்.

நாவலைப் படித்தே தீர வேண்டும், ஆனால் வெறும் எழுத்து அயர்ச்சி தருகிறது என்கிறவருக்கு ரைட்சன். 75,000 சொற்களுக்கு அருகில் இருக்கும் நாவலை ஏழெட்டு மணி நேரத்தில் முடிக்கலாம். அடுத்த ஓவியம் எப்போது வரும் என்ற ஆவலே பல பக்கங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டையும் வாங்க முடிந்தால் வரிசை முக்கியம். நாவலை முதலில் படித்துவிட்டு இட்டோவுக்கு வந்தால், ஜஸ்டினின் தலை தெரியும் பக்கம் நெஞ்சில் அறையும், ஏனென்றால் அங்கே என்ன நடந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். மாங்காவை முதலில் படித்தால் அதுதான் கதை என்று மனதில் பதிந்து, ஆர்க்னி அத்தியாயம் வரும்போது ஏதோ குறைவது போலத் தோன்றும்.

மாங்காவுக்குப் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. விஸ் பதிப்பு ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகவே அச்சானது. நமக்குப் பின்னட்டை எதுவோ அதுதான் முன்னட்டை. ஒரு பக்கத்தில் மேல் வலது கட்டத்தில் தொடங்கி இடப்பக்கம் போய், அடுத்த வரிசையில் மறுபடி வலமிருந்து தொடங்க வேண்டும்; கட்டத்துக்குள் பலூன்களும் அதே வரிசைதான். முதல் பத்துப் பக்கம் தடுமாறும், பிறகு கண் பழகிவிடும். இட்டோவின் பெரிய அதிர்ச்சிகள் பெரும்பாலும் பக்கம் புரட்டியதும் வரும்படி வைக்கப்பட்டவை. அதனால் மின்னூலில் படிப்பதானால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். முழுப் பக்கம் ஒரே பார்வையில் தெரியும் டேப்லெட் இருந்தால் அதில் படியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் விரியும் ஓவியங்கள் வரும்போது திரையைப் படுக்கவைத்துக்கொள்ளலாம். போன் மட்டும்தான் என்றால் அச்சுப் புத்தகத்துக்காகக் காத்திருப்பது மேல்.